பாதி வழியில் நிற்கும் பழைய கேம்பர் வேன்: தொட்டியா, முள்ளா, என்ஜினா?

தைப்பூசத்துக்கு முந்தின நாள் மாலை அது. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு, அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு படுக்கவும் சமைக்கவும் வசதி உள்ள என் பழைய வோல்க்ஸ்வேகன் டி-3 கேம்பர் வேனில் வந்துகொண்டிருந்தேன். ஈப்போவைக் கடந்து மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில் என்ஜின் இரண்டு முறை குலுங்கியது. மூன்றாம் முறை நின்றேவிட்டது. எரிபொருள் முள்ளோ கால் தொட்டிக்கும் சற்று மேலே நின்றது. லாரிகள் கடக்கும்போதெல்லாம் வேன் ஆடியது. எல்லோரையும் இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் புல்மேட்டில் உட்கார வைத்தேன். இழுவை வண்டி வரும் வரை அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள்தான் கேட்டார்கள்: “பெட்ரோல் இருக்கிறதே, அப்புறம் ஏன் நின்றது?”

அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்க எனக்கு இரண்டு மாதமும் தேவையில்லாத ஒரு பெட்ரோல் பம்பும் செலவாயின. கோலகங்சாரில் தொட்டியை நிரப்பியபோது 44 லிட்டர்தான் கொண்டது. டி-3 வேனின் தொட்டி 60 லிட்டர். ஆகவே 16 லிட்டர் உள்ளே இருக்கும்போதே பம்ப் இழுக்கவில்லை என்று நானே முடிவு கட்டினேன். ஒரு பட்டறையில் அதை அப்படியே நம்பிப் பம்பை மாற்றினார்கள். அடுத்த மாதம் பினாங்குப் பாலத்தின் நடுவில் வேன் மறுபடியும் நின்றது.

பிறை என்ற ஊரில் உள்ள வயதான மெக்கானிக் ஒருவர்தான் பம்பைத் தொடாமல் கேட்டார்: “தம்பி, நின்றபோது எத்தனை லிட்டர் கொண்டது என்று சொன்னீர்கள். சரி. அதற்கு முந்தின முறை நிரப்பியபோது தொட்டி நிரம்பியதா, அல்லது பெட்ரோல் ஊற்றும் நாசில் அதற்கு முன்பே நின்றுவிட்டதா?” பிறகு தொட்டியின் அடித் திருகைத் திறந்து மிச்சத்தை வாளியில் வடித்தார். மூன்று லிட்டர்கூட இல்லை. என் தொட்டி 47 லிட்டருக்கு மேல் நிரம்பியதே இல்லை. தொட்டியிலிருந்து காற்று வெளியேறும் காற்றுப் போக்குக் குழாய் நசுங்கியிருந்ததால், நிரம்புவதற்கு முன்பே எண்ணெய் நிலைய நாசில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டது. அதோடு, தொட்டிக்குள் மிதந்து எரிபொருள் மட்டத்தை முள்ளுக்குச் சொல்லும் மிதவையின் தண்டு வளைந்திருந்ததால் முள்ளும் பொய் சொன்னது. ஒரே நேரத்தில் இரண்டு பழுதுகள். ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொண்டிருந்தது.

“வேன் சீக்கிரம் நின்றுவிடுகிறது” என்று நாம் சொல்லும் ஒரே குறைக்குள் நான்கு வெவ்வேறு பழுதுகள் இருக்கின்றன. தொட்டி நிரம்புவதில்லை. நிரம்பியதை என்ஜினால் இழுக்க முடியவில்லை. இழுத்ததை என்ஜின் அதிகமாகக் குடிக்கிறது. அல்லது மூன்றும் சரியாக இருந்து முள் மட்டும் தவறாகக் காட்டுகிறது. இந்த நான்கில் எது என்று தெரியாமல் ஓர் உதிரிப்பாகத்தையும் வாங்காதீர்கள்.

முதலில் மூன்று எண்களை எழுதுங்கள்

ஒரு சிறு குறிப்பேடு வாங்கி ஓட்டுநர் கதவின் பையில் வையுங்கள். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் எத்தனை லிட்டர், பயண மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், நிரப்பும் முன் முள் எங்கே நின்றது என்று எழுதுங்கள். வேன் நின்றுபோனால் இன்னொன்றையும் எழுதுங்கள்: இருபது நிமிடம் ஓய்வுக்குப் பிறகு தானாகக் கிளம்பியதா, இல்லையா?

வேன் நின்றபின் நிரப்பும்போது வேனின் கையேட்டில் உள்ள கொள்ளளவுக்கு அருகில், அதாவது 60 லிட்டர் தொட்டி 55, 56 லிட்டர் கொண்டால், அது உண்மையிலேயே காலியாகி நின்றிருக்கிறது. அப்போது சந்தேகம் முள்ளின் மீதோ என்ஜினின் பசியின் மீதோதான் விழ வேண்டும். 40, 45 லிட்டரோடு நாசில் நின்றுவிட்டால், மீதி உள்ளே தங்கியிருக்கிறதா, தொட்டி அவ்வளவுதான் கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு வடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு நம்பகமான வழி இல்லை. நான் செய்த பிழை இங்கேதான்: கழித்துப் பார்த்தேன், வடித்துப் பார்க்கவில்லை.

வடிப்பது திறந்தவெளியில், என்ஜின் குளிர்ந்த பிறகு, பேட்டரியின் எதிர்முனை கழற்றப்பட்ட நிலையில் நடக்க வேண்டும். கேம்பர் வேனில் எரிவாயு அடுப்பும் குளிர்ப்பெட்டியும் இருக்கும். எரிவாயுத் தோம்பின் வால்வை முதலில் மூடுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து பத்தடி தள்ளியிருக்கும் தீப்பொறியையும் தேடிப் போகும். வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

அறிகுறி: முள் ஒன்றைச் சொல்கிறது, தொட்டி வேறொன்றைச் சொல்கிறது

எரிபொருள் முள்ளையும் வெப்பமானி முள்ளையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினாலோ, இரண்டுமே வழக்கத்தைவிட உயரத்தில் நின்றாலோ, தொட்டியைத் தொடாதீர்கள். பழைய வேன்கள் பலவற்றில் இரண்டு மானிகளுக்கும் ஒரே மின்னழுத்த நிலைப்படுத்திதான் மின்சாரம் தருகிறது. மீட்டர் பெட்டிக்குப் பின்னால் விரல் நுனி அளவில் இருக்கும். அது பழுதானால் இரண்டு முள்ளும் சேர்ந்தே பொய் சொல்லும். மலிவான பொருள், அரை மணி நேர வேலை.

எரிபொருள் முள் மட்டும் தவறினால் தொட்டியின் மேல் உள்ள மிதவைக் கருவிக்குப் போங்கள். அதிலிருந்து வரும் கம்பியைக் கழற்றிவிட்டு, சாவியைத் திருப்பி முள்ளைப் பாருங்கள். பிறகு அதே கம்பியை வேனின் வெற்று உலோகத்தில் ஓரிரு நொடி மட்டும் தொடுங்கள். முள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பயணம் செய்தால் மானியும் கம்பியும் நலம்; பழுது மிதவையில். எந்த முனை ‘நிறைவு’ என்பது வேனுக்கு வேன் மாறும். முள் நகரவே இல்லை என்றால் கம்பியோ மானியோ பழுது. இந்தச் சோதனையில் பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. ஆகவே தொட்டி மூடியிருக்க வேண்டும், கசிவு வாடை இருக்கவே கூடாது. வாடை இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வர வேண்டும்.

மிதவைக் கருவியை வெளியே எடுத்ததும் மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளவென்று கேட்டால் ஓட்டை விழுந்து பெட்ரோல் குடித்திருக்கிறது. அப்படி மூழ்கிய மிதவை எப்போதும் காலி என்றே காட்டும். தண்டு வளைந்திருந்தால் என் வேனைப்போல இல்லாததை இருப்பதாகக் காட்டும். மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை இணைத்துத் தண்டை மெதுவாகத் தூக்குங்கள். தடையின் அளவு தொடர்ச்சியாக மாற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அறுந்து மீண்டும் வந்தால், தேய்ந்த தடைக் கம்பிதான் காரணம். சாலையில் முள் திடீரென்று விழுந்து எழுவது இதனால்தான்.

பழுதே இல்லாத முள்ளும் சமமாக இறங்காது. வேனின் தொட்டி இருக்கைக்கும் அச்சுக்கும் இடையே கிடைத்த இடத்தில் செருகப்பட்ட கோணல் பாத்திரம். மேலே அகலம், கீழே குறுகல். முதல் பாதிக்கு 230 கிலோமீட்டரும் இரண்டாம் பாதிக்கு 150-உம் கிடைத்தால் அது பெட்ரோல் திருட்டு அல்ல, தொட்டியின் வடிவம். குறிப்பேட்டில் நான்கைந்து முறை எழுதியதும் உங்கள் முள்ளின் குணம் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

அறிகுறி: நாசில் அடிக்கடி ‘டக்’ என்று நின்றுவிடுகிறது

எண்ணெய் நிலைய நாசிலின் நுனிக்கருகில் ஒரு சிறு துளை இருக்கிறது. எரிபொருள் பாயும் வேகத்தில் அந்தத் துளை வழியே காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். துளையைத் திரவமோ நுரையோ மூடியதும் உறிஞ்சல் தடைபட்டு வால்வு மூடிக்கொள்ளும். தொட்டி நிரம்பியதா என்று அந்த நாசிலுக்குத் தெரியாது. ஊற்று வாயில் திரவம் எழுந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

தொட்டிக்குள் ஒரு லிட்டர் இறங்க வேண்டுமானால் ஒரு லிட்டர் காற்று வெளியேற வேண்டும். காற்றுப் போக்குக் குழாய் அடைத்திருந்தால் அந்தக் காற்று ஊற்று வாய் வழியாகவே திரும்பி வந்து பெட்ரோலைத் தள்ளும், நாசில் நின்றுவிடும். மெதுவாக ஊற்றினால் போகிறது, வேகமாக ஊற்றினால் நிற்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், காற்று வழிதான் அடைப்பு. நாசிலை அரைச் சுற்றுத் திருப்பிப் பிடித்தால் சரியாகிறது என்றால் ஊற்று வாயின் வளைவுதான் காரணம். அது பழுதே அல்ல.

குழாயை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உட்புறம் ஊறி, வழி மூடியிருக்கும். கூடாரக் கட்டிலும் அலமாரியும் அமைத்தபோது யாராவது அதன்மேல் ஒரு பலகையைத் திருகியிருக்கலாம்; என் வேனில் நடந்தது அதுதான். நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு: குளவி. பல வாரம் நிறுத்தி வைத்த வேனின் திறந்த குழாய் முனையில் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டிவிடும். ஒரு முனையைத் தொட்டியிலிருந்து கழற்றிவிட்டு மிதிவண்டிப் பம்பால் காற்றடித்தால் போதும். தொட்டியோடு இணைந்திருக்கும்போது அழுத்தக் காற்றை அடிக்காதீர்கள்.

அடிப்பகுதியையும் குனிந்து பாருங்கள். ஜாக்கைத் தவறான இடத்தில் வைத்தோ, குடியிருப்புப் பகுதியின் உயரமான வேகத்தடையில் உரசியோ தொட்டியின் அடி உள்வாங்கியிருந்தால், கொள்ளளவு அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்று நம்மவர்களிடம் உண்டு. நாசில் நின்ற பிறகும் வேனை ஆட்டி ஆட்டி விளிம்பு வரை ஊற்றுவது. வேண்டாம். நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல் குளிர்ந்திருக்கும். வெயிலில் நிற்கும் வேனில் சூடேறி விரியும். பத்து பாகை செல்சியஸ் ஏறினால் 50 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய அரை லிட்டர் பெருக்கும். அந்த இடத்தைத்தான் தொட்டியைச் செய்தவர் காலியாக விட்டிருக்கிறார்.

அறிகுறி: முழுக்க நிரப்பிய நாளில் மட்டும் பெட்ரோல் வாடை

தொட்டியின் மேற்புறத்தில் காற்றுக் குழாய்களும் மிதவையும் நுழையும் இடங்களில் ரப்பர் வளையங்கள் இருக்கும். முப்பது ஆண்டு வெப்பத்தில் அவை வெடித்துப்போகும். பாதித் தொட்டியில் ஒன்றும் தெரியாது, நிரப்பியதும் கசியும். டி-3 வேன்களில் இது மிகச் சாதாரணமான பழுது. வளையங்களின் விலை மிகக் குறைவு. தொட்டியை இறக்கும் உழைப்புதான் பெரிது. ஆகவே தொட்டி இறங்கிய அன்றே எல்லா ரப்பர்களையும் குழாய்களையும் மாற்றிவிடுங்கள்.

நிரப்பாத நாளிலும் வாடை வந்தால், வேனுக்குள் யாரும் படுக்கக் கூடாது, அடுப்பு எரிக்கக் கூடாது, ஓட்டவும் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஓட்டை விழுந்த தொட்டியைப் பற்றவைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். காலித் தொட்டியில் தங்கும் ஆவி, நிறைந்த தொட்டியைவிட எளிதாக வெடிக்கும். அதை முறையாகச் சுத்திகரித்து வேலை செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தெருமுனைப் பட்டறையில் செய்கிற வேலை அல்ல அது.

அறிகுறி: உள்ளே பெட்ரோல் இருக்கிறது, என்ஜின் திணறி நிற்கிறது

வடித்துப் பார்த்தீர்கள், பத்து லிட்டருக்கு மேல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மூன்று சந்தேகங்கள். அடுத்த முறை நிற்கும்போது நீங்கள் செய்யும் முதல் காரியம் இவற்றைப் பிரித்துவிடும்.

பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, தொட்டி மூடியை மெதுவாகத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்து, உடனே என்ஜின் கிளம்பினால், தொட்டிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. எரிபொருள் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உருவாகி பம்பை எதிர்த்து இழுக்கும். இளநீரில் உறிஞ்சுகுழல் செருகிய துளையை விரலால் முற்றிலும் மூடிவிட்டு உறிஞ்சிப் பாருங்கள், அதேதான். முந்தைய பகுதியில் சொன்ன காற்றுக் குழாயையும், மூடியில் துளை உள்ள வகையாக இருந்தால் மூடியையும் பாருங்கள். தொலைந்துபோன மூடிக்குப் பதிலாகக் கிடைத்ததை வாங்கிப் பூட்டிய வேன்களில் இந்தத் தொல்லை அதிகம். ஆனால் ஒன்று: வெயிலில் நின்ற தொட்டியைத் திறந்தால் காற்று வெளியே சீறுவதும் உண்டு. அது இயல்பு. எந்தத் திசையில் பாய்கிறது என்று கவனியுங்கள்.

மூடியைத் திறந்தும் மாற்றமில்லை, ஆனால் இருபது நிமிடம் நிழலில் நின்றதும் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது என்றால், வெப்பத்தால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் வைத்த வேன்களுக்கே இது பெரும்பாலும் வரும். கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு ஒரு மேம்பாலத்தில் ஏறும்போதோ, ஆயர் ஹித்தாமிலிருந்து பாலிக் பூலாவ் மலைப்பாதையில் மதிய வெயிலில் ஏறும்போதோதான் நிற்கும். பெட்ரோல் குழாய் புகைபோக்கிக் குழாய்க்கு அருகே போகிறதா என்று பாருங்கள். முன்பு அங்கே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு இருந்திருக்கும். யாரோ கழற்றியவர் திரும்பப் பூட்டியிருக்க மாட்டார். தகட்டைத் திரும்பப் பூட்டி, குழாயை நகர்த்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மூடியும் உதவவில்லை, ஓய்வும் சிறிது நேரத்துக்குத்தான் உதவுகிறது, சமதளத்தில் ஓடுகிறது, மேட்டிலும் வேகத்திலும் திணறுகிறது என்றால் குப்பை. தொட்டிக்குள் இழுகுழாயின் வாயில் ஒரு சிறு வலை இருக்கிறது. துருவும் கசடும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. என்ஜின் நின்றதும் இழுப்பு நிற்கிறது, கசடு உதிர்ந்து கீழே படிகிறது, ஐந்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. வெளியே உள்ள வடிகட்டியை மாற்றினால் ஒரு வாரம் சரியாகி மீண்டும் வந்தால், நோயின் வேர் தொட்டிக்குள்தான். கண்ணாடிக் குடுவையில் வடித்து ஓரிரவு வையுங்கள். அடியில் பழுப்புத் தூள் படிந்தால் துரு, தனியாக உருண்டு நிற்கும் துளிகள் தண்ணீர்.

நம் தட்பவெப்பத்தில் துரு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் ஈரப்பதம். பாதித் தொட்டியோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால், இரவு குளிரும்போது உள்ளே உள்ள காற்றின் ஈரம் மேல்தகட்டில் வியர்க்கிறது. துரு மேலிருந்து தொடங்குகிறது. நீண்ட நாள் நிறுத்துவதானால் நிரப்பி நிறுத்துங்கள், மாதம் ஒரு முறையாவது உண்மையான தூரம் ஓட்டுங்கள்.

இழுகுழாய் பற்றிய கடைசிச் செய்தி: அது தொட்டியின் அடியைத் தொடாது. சில லிட்டர் எப்போதும் கீழே தங்கும். இழுகுழாயிலேயே விரிசல் விழுந்திருந்தால், விரிசலுக்குக் கீழே எரிபொருள் மட்டம் இறங்கியதும் பம்ப் காற்றை இழுக்கும். வலை சுத்தமாக இருந்தும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வேன் நின்றால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

டீசல் வேன் என்றால்

டொயோட்டா ஹையேஸ் போன்ற பழைய டீசல் வேன்களை வீடாக மாற்றியவர்கள் இங்கே அதிகம். அவர்களுக்கு ஆவி அடைப்புத் தொல்லை இல்லை. ஆனால் 2019-இல் நம் நாட்டில் வண்டிகளுக்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கத் தொடங்கினார்கள். பயோடீசல் பழைய கசடைக் கரைத்துக் கிளப்பிவிடும். ஈரத்தையும் சாதாரண டீசலைவிட அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பு வழுவழுப்பாகத் திரளும். வெகுநாள் கிடந்த வேனை வாங்கி முதல் நீண்ட பயணம் போகிறவர்கள் இரண்டு வடிகட்டிகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடிப்பதை மாதாந்தரப் பழக்கமாக்குங்கள். காலையில் மட்டும் கிளம்ப அடம்பிடித்தால், இழுகுழாய் இணைப்பில் எங்கோ காற்று நுழைகிறது. ஊடுருவித் தெரியும் சிறு குழாய்த் துண்டை இடையில் பூட்டினால் குமிழிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அறிகுறி: நிற்கவில்லை, ஆனால் ஓடும் தூரம் குறைந்துவிட்டது

முதலில் அளவெடுங்கள். ஒரே நிலையம், ஒரே பம்ப், முதல் ‘டக்’ ஒலியோடு நிறுத்தம். ஓட்டுங்கள். மீண்டும் அதே பம்பில் முதல் ‘டக்’ வரை நிரப்புங்கள். மூன்று முறை இப்படிச் செய்து சராசரி எடுங்கள்; ஒரு முறை போதாது.

என் கணக்கு: 318 கிலோமீட்டருக்கு 42.6 லிட்டர். நூறு கிலோமீட்டருக்கு 13.4 லிட்டர். அதிகம் என்று கவலைப்பட்டுக் கார்புரேட்டரைக் கழற்றப் போனேன். பிறை மெக்கானிக் தடுத்தார். நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களோடு பயண மீட்டரை ஒப்பிட்டு வரச் சொன்னார். 50 கிலோமீட்டர் கற்களுக்கு என் மீட்டர் 47.2 காட்டியது. எனக்கு முன்பு வைத்திருந்தவர் 15 அங்குலச் சக்கரமும் உயரமான டயரும் பூட்டியிருந்தார். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், மீட்டரோ பழைய டயரின் கணக்கையே வைத்திருக்கும். உண்மையில் நான் ஓடியது 337 கிலோமீட்டர். நூறுக்கு 12.6 லிட்டர். கார்புரேட்டர் தப்பியது.

இப்படித் திருத்தியும் எண் அதிகமாக இருந்தால்தான் என்ஜினைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும் நம் ஊருக்கே உரிய ஒரு காரணத்தை முதலில் சொல்கிறேன்: தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு. என்ஜின் சூடேறுகிறது என்று வருகிறவரிடம், “நம் வெயிலுக்கு இது தேவையில்லை” என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பட்டறைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பிறகு நெடுஞ்சாலையில் என்ஜின் தனக்குரிய வெப்பத்துக்கு வருவதே இல்லை. குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் தானியங்கி சோக் முழுவதும் விலகாமல் கிடக்கிறது, அல்லது வெப்ப உணரி “இன்னும் குளிராகவே இருக்கிறேன்” என்று சொல்லிக் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கச் சொல்கிறது. சூடேறியதற்கான உண்மையான காரணமும், அடைத்த ரேடியேட்டரோ தேய்ந்த தண்ணீர்ப் பம்போ, அப்படியே இருக்கிறது. வெப்பமானி முள் சமவெளியில் அரைமணி ஓடிய பின்னும் அடியிலேயே கிடந்தால், தெர்மோஸ்டாட் உள்ளதா என்று திறந்து பாருங்கள்.

அடுத்து பிரேக். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அழுத்தாமல் உருண்டு நிற்க விடுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. டயர் காற்று, காற்று வடிகட்டி, தீப்பொறி நேரம் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். காற்றை மட்டும் சரக்கேற்றிய நிலையின் அளவுக்கு அடியுங்கள், காலி வேனின் அளவுக்கு அல்ல.

பிறகு சுமை. 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. ஈயப் பேட்டரிகள், 14 கிலோ எரிவாயுத் தோம்பின் இரும்பு எடை, தேக்குப் பலகை அலமாரி. இவை மேடேறும்போது பெட்ரோலாகக் கரைகின்றன. சமதளத்தில் எடையைவிடக் காற்றுத் தடைதான் பெரிது. அது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 90-இல் ஓட்டும்போது உள்ள தடை 110-இல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். கூரையின்மேல் சட்டமும் மடிப்புப் பந்தலும் கட்டிய வேனுக்கு இன்னும் மோசம். என் வேனில் கூரைச் சட்டத்தைக் கழற்றிவிட்டு 90-இல் ஓட்டியபோது கிடைத்த மிச்சம், என்ஜினில் நான் செய்த எல்லா வேலைகளும் தந்ததைவிட அதிகம்.

கூடுதல் தொட்டி வைக்கலாமா?

என்னிடம் இதைக் கேட்காதவர்கள் இல்லை. அனுமதியின்றி எரிபொருள் அமைப்பை மாற்றாதீர்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலும் பரிசோதனையும் இல்லாமல் பொருத்திய தொட்டி, விபத்து நடந்த நாளில் உங்களுக்குத் துணை நிற்காது. படுக்கைக்கு அடியில் பிளாஸ்டிக் கலனில் பெட்ரோல் வைத்துக்கொள்வதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. அதன்மேல்தான் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

அதற்குப் பதில் உங்கள் வேனின் உண்மையான எண்ணைக் கண்டுபிடியுங்கள். என் வேனின் பழுதுகளை நீக்கிய பிறகு வந்த கணக்கு இது. தொட்டி 60 லிட்டர். அடியில் தங்குவது 3. நான் ஒருபோதும் தொடாத இருப்பு 9. மிஞ்சுவது 48 லிட்டர். சமவெளியில் நூறுக்கு 12.6 என்றால் 380 கிலோமீட்டர். மலையில் நூறுக்கு 15 குடிக்கிறது, அப்போது 320. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். தாளின்படி ஒரே நிரப்பலில் போய்விடலாம், ஆனால் நெரிசலுக்கு இடமில்லை. ஆகவே தாப்பா ஓய்விடத்தில் முள் எங்கே நின்றாலும் நிரப்புகிறேன்.

கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை வழியாகக் கிளந்தானுக்குப் போகிறவர்கள் கெரிக் நகரிலேயே நிரப்பிவிடுங்கள். அங்கிருந்து ஜெலி வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் மலையும் காடும்தான். எண்ணெய் நிலையத்தை நம்பி ஏறக்கூடிய பாதை அல்ல. இருட்டிய பின் யானைகள் சாலையைக் கடக்கும். பகலில் கிளம்பி, மலைக்கான எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு, பயண மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு ஏறுங்கள்.